ஆறு பேரும் ஒரு கோவேறு கழுதையும்

சோஸ்ட் நகரில் ஜனவரி.
அறுபத்திரண்டு இருக்கைகள். எனக்குக் கிடைத்தது
ஸ்பிரிங் உடைந்து இடப்பக்கம் சாய்கிறது.
டிக்கெட் ஹார்ட்மூட்டின் தயவு.
'கிறிஸ்மஸுக்குக் கிறிஸ்மஸ் டிவியில போடுற படம்.
இத்தனை வருசமா இங்க இருக்கிறாய்,
இன்னும் பார்க்கேல்லையா?'

அவன் அதைப் பார்த்த மத்தியானங்களில்
நான் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தேன்.
பேக்கரியின் இரவு வேலைக்காரனுக்கு
உலகப் போர்களெல்லாம்
நித்திரை நேரத்தில்தான் நடக்கின்றன.

ஆறு பேர் வருகிறார்கள், ஒரு மீன்பிடிப் படகில்.
ஒருவன் கண்ணாடி போட்டிருக்கிறான்.
அவன்தான் முதலில் சாவான் என்று
கரை ஏறுமுன்னமே தெரிந்துவிட்டது.
பிறகு மலை, பனி,
உடைக்கவேண்டிய ஒரு சுரங்கப்பாதை.
வெடிமருந்து சுமக்க ஒரு கோவேறு கழுதை,
ஒரு காது மட்டும் வெள்ளை.

இங்கிலாந்துக்காரர் ஆறு பேரும் ஜெர்மன் பேசுகிறார்கள்.
எதிரிகளும் ஜெர்மன்தான்.
கழுதையை விற்ற இடையன்கூட
வினைச்சொல்லைப் பிசகாமல் கடைசியில் வைக்கிறான்.
எல்லாம் ஏதோ ஓர் அறையில்
ஒலிவாங்கி முன் நின்றவர்களின் குரல்.
ஒரே மொழியில் வைது,
ஒரே மொழியில் சுட்டு,
ஒரே மொழியில் தாயைக் கூப்பிட்டு விழுகிறார்கள்.

எனக்கு முன்வரிசையில் ஓய்வூதியக்காரர்கள்.
தங்கள் தகப்பன்மாரின் சீருடையில்
பத்துப் பத்தாய்ச் சரிகிறவர்களைப் பார்த்தபடி
லிக்கரிஸ் மெல்லுகிறார்கள்.
பொட்டலம் கைமாறி என்னிடமும் வந்தது.
ஒன்று எடுத்தேன்.

இப்போது தடுப்புக் கம்பம்.
எதிரியின் உடுப்பில் கேப்டன்.
காவலாளி டார்ச்சை முகத்துக்கு நேரே பிடித்து
'உங்கட ஜெர்மன் நல்லாயிருக்கு,
எங்க படிச்சது?' என்கிறான்.
எல்லாரும் சிரித்தார்கள்.
அந்த ஊரில் அதுவரை வேறு மொழியே இல்லையே!

நானும் சிரித்தேன், கொஞ்சம் பிந்தி.
வங்கியில், பல் வைத்தியரிடம்,
பஸ் தரிப்பிடத்தில் நாயோடு நிற்கும் பெண்ணிடம்
கிழமைக்கு ஒருதரம் நான் கேட்கும் கேள்வி அது.
மாவுக்குள்ளே படிச்சனான் என்பேன்.
உண்மையும் அதுதான்.

கேப்டன் இமைகூட ஆட்டாமல் பதில் சொல்கிறான்.
கம்பம் மேலே போகிறது.

எனக்குப் பத்தொன்பது வயது. பஸ்ஸை மறித்தவர்கள்
ஒரு வாளியைத் தூக்கிக் காட்டினார்கள்.
அதன் பெயரை அவர்கள் மொழியில் சொல்லவேண்டும்.
எங்கள் அரிச்சுவடியில் இல்லாத ஓர் ஒலி
அந்தச் சொல்லின் வாசலில் நின்றது.
முன்சீட்டுக்காரர் சொன்னார்.
என்னிடம் வருமுன்
அவரைக் கீழே இறக்கியிருந்தார்கள்.
நான் சொன்னது சரியாய் வந்தது.
எப்படி வந்ததென்று
இன்றைக்கும் தெரியாது.
பின்னணிக் குரல் யாருடையதோ.

திரையில் சுரங்கப்பாதை வெடித்தது.
நெருப்பு நல்ல அழகு.
கண்ணாடிக்காரன் சாகவில்லை;
என் கணிப்புத் தவறிப்போனதில்
சத்தியமாய்ச் சந்தோசம்.
நான்கு பேர் படகேறினார்கள், இசை உயர்ந்தது,
விளக்குகள் எரிந்தன.

வெளியே உப்புத் தூவிய நடைபாதை.
'எப்பிடி?' என்றான் ஹார்ட்மூட்,
தானே எடுத்த படம்போல.
'கழுதை எங்க போனது?' என்று கேட்டேன்.
'எந்தக் கழுதை?'

மூன்று நாள் கழித்து, அதிகாலை இரண்டரை.
கம்பு மாவு ரொட்டியின் முதல் தட்டை
உள்ளே தள்ளிக்கொண்டிருந்தேன்.
கதவடியில் வந்து நின்றான், கையுறை கழற்றாமல்.
'திரும்ப ரெண்டுதரம் பார்த்தன்.
நிப்பாட்டி நிப்பாட்டிப் பார்த்தன்.
சுரங்க வாசலில கட்டுறாங்கள்.
பிறகு ஒருத்தரும் அவிழ்க்கேல்லை.'

அடுப்பு மணி அடித்தது.
அவன் ஒரு பக்கம் பிடித்தான்,
நான் மறுபக்கம்.